இரு கரையோர நகரங்களுக்கிடையே வாடகைக் கார்



பாடசாலை விடுமுறை நெருங்கும் காலங்களில் கொழும்பிலுள்ள தமிழ்க் குடும்பங்களிடையே பிரயாணப் பேச்சு எழுவது வழக்கம். இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உறவினர் வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கியிருப்பர். திருகோணமலைக்குச் சென்று கோணேசப் பெருமானைத் தரிசிக்க வேண்டும், அங்கிருந்து கடலோரமாகவே மட்டக்களப்பை அடைந்து மாமாங்கேசுவரரையும் வழிபட வேண்டும் என்று வீட்டு முதியோர் விரும்புவர். அவ்வளவில் கேள்விகள் எழும். கார் யாரிடம் பேசுவது? எவ்வளவு கொடுப்பது? எதை எதைக் கேட்டு அறிந்துகொள்வது? பொரளையில் வசிக்கும் எனக்கு, பாடசாலை அதிபர் என்ற முறையில், மாணவர் சுற்றுலாக்களுக்கு வாகனம் பேசும் பொறுப்பு ஆண்டுதோறும் வந்து சேர்வதுண்டு. அந்தப் பழக்கத்தைத் துணையாகக் கொண்டு, இரண்டு கரையோர நகரங்களுக்கிடையே வாடகைக் கார் பேசும் முறையை இன்று விளக்க முற்படுகின்றேன்.

முதலில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கார் ஏன் வேண்டப்படுகின்றது என்பதைப் பார்ப்போம். இரண்டு நகரங்களுக்கும் புகையிரதப் பாதை உண்டு. ஆனால் அப்பாதைகள் கடலோரமாக ஒன்றையொன்று தொடுவதில்லை. கொழும்பிலிருந்து மாகோ வழியாக வரும் பாதை உள்நாட்டிலுள்ள கல்லோயாச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றது பொலனறுவை வழியாக மட்டக்களப்புக்கும் செல்கின்றன. ஆகவே ஒரு துறைமுகப் பட்டினத்திலிருந்து மற்றதற்குப் புகையிரதத்தில் செல்ல விரும்புவோர் காட்டு நடுவிலுள்ள சந்திவரை வந்து, வண்டி மாறிப் போக வேண்டியவராகின்றனர். பஸ் வண்டிகள் ஓடுகின்றன. தனியே செல்லும் இளைஞருக்கு அவை போதும். முழங்கால் நோவுடைய பாட்டியாரையும், கைக்குழந்தையையும், நான்கு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு செல்லும் குடும்பத்துக்குத் தனி வாகனமே தக்கது.

நேர்வழி, ஏ-15 என்னும் கரையோர வீதியாகும். கிண்ணியா, மூதூர்ப் பகுதி, வெருகல், கதிரவெளி, வாகரை, ஓட்டமாவடி ஆகிய இடங்களைத் தொட்டுச் செல்லும் இவ்வழி ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தூரம் கொண்டது. கடனீரேரிகளின் வாய்களையும் மகாவலி கங்கையின் கிளைகளையும் இது குறுக்கிடுகின்றது. இக்காரணத்தினால், ஒரு காலத்தில் இவ்வீதியால் செல்வோர் ஊர்மக்கள் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவைகளில் வண்டியோடு ஏறி நீரைக் கடக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அப்போக்குவரத்தும் நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 400 மீற்றர் நீளமுள்ள அப்பாலத்தைத் தொடர்ந்து, தெற்கேயிருந்த துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. முன்னர் அரைநாட் பொழுதையும் விழுங்கிய வழி இன்று மூன்று மணி நேர அளவில் கடக்கத்தக்கதாயிற்று. இவ்வழியை விட்டு ஹபரணை, பொலனறுவை என்று சுற்றிச் செல்லின் தூரம் 200 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். எனவே கார் பேசும்பொழுது, ‘எந்த வழி?’ என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். வழி மாறினால் வாடகையும் மாறும்.

இத்தகைய நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலி நாட்டின் தென்பகுதியில், நேப்பிள்ஸ் நகருக்கு அப்பால், சொறெந்தோ, பொசித்தானோ, அமால்ஃபி என்னும் புகழ்பெற்ற கரையோர ஊர்கள் உள்ளன. புகையிரதம் சொறெந்தோவுடன் நின்றுவிடும். அதற்கப்பால் மலைச் சரிவைக் குடைந்து அமைத்த ஒடுங்கிய வீதி ஒன்றே அமால்ஃபிக்குச் செல்கின்றது. ஆகவே உல்லாசப் பிரயாணிகள் அங்கும் சாரதியோடு கூடிய வாடகைக் காரையே பெரிதும் நாடுகின்றனர். அந்நாட்டில் 1992ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்துகின்றது. தெருவோரத் தரிப்பிடத்தில் நின்று வருவோரை ஏற்றுவது டாக்சியின் வேலை. சாரதியோடு கூடிய வாடகைக் கார் அவ்வாறு நிற்றலாகாது. முன்கூட்டியே பதிவு செய்தவருக்காகவே அது ஓடுதல் வேண்டும். அதாவது, சக்கரம் உருளுமுன்னரே உடன்பாடு முடிந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நம் நாட்டில் வாடகை பேசுவோரும் மனத்திற் பதிக்க வேண்டிய கொள்கை இதுவே.

இனி, வாடகைக் கணக்குக்கு வருவோம். கடதாசியும் பென்சிலும் அருகிலிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். அங்கிருந்து மட்டக்களப்பு 130. மட்டக்களப்பிலிருந்து பொலனறுவை வழியாகக் கொழும்பு ஏறக்குறைய 315. மூன்றையுங் கூட்டினால் 705 கிலோமீற்றர். கொழும்பு வாகனமொன்றை முழுப் பிரயாணத்துக்கும் அமர்த்தினால் நீங்கள் கொடுப்பது இந்த 705 கிலோமீற்றருக்கான வாடகையையும், சாரதி உங்களோடு தங்கும் இரவுகளுக்கான படியையும் ஆகும்.

மாறாக, திருகோணமலைவரை புகையிரதத்தில் சென்று, அங்கே ஒரு காரைப் பேசி மட்டக்களப்பில் இறங்கிக்கொள்வோம் என்று சிலர் எண்ணுவர். நல்ல எண்ணமே. ஆனால், “130 கிலோமீற்றருக்கு இவ்வளவு பணமா?” என்று அவர்கள் சாரதியோடு வாதிடுவதும் உண்டு. உங்களை இறக்கிவிட்டபின் அந்தக் கார் மட்டக்களப்பிலே நின்றுவிடப் போவதில்லையே! வெறும் வண்டியாக மேலும் 130 கிலோமீற்றர் ஓடித் தன் ஊருக்குத் திரும்புதல் வேண்டும். ஆக, உண்மையான ஓட்டம் 260 கிலோமீற்றர். ஒருவழிப் பிரயாணத்தில் எழும் பிணக்குகளிற் பெரும்பாலானவை இந்த வெறும் ஓட்டத்தைக் கணக்கில் கொள்ளாமையினால் எழுவனவே. அதேவேளை, மட்டக்களப்பிலிருந்து ஒருவரை ஏற்றிவந்து திருகோணமலையில் இறக்கிவிட்டு ஊர் திரும்பும் வண்டி கிடைக்குமாயின், அவர் குறைந்த வாடகைக்கு இணங்கக்கூடும். ஆதலால் இரு நகரங்களிலும் விசாரித்துப் பார்த்தல் நன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. தூரத்தை எங்கிருந்து எண்ணுவது? உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, வாகனத்தின் கொட்டகையிலிருந்தா? பொரளையிலிருந்து புறப்படும் வான் வெள்ளவத்தைக்கு வந்து உங்களை ஏற்றுகின்றது. திரும்பி வந்து இறக்கியபின் மறுபடியும் பொரளைக்குச் செல்கின்றது. அத்தூரம் சிறிதுதான். ஆனால் கட்டுநாயக்காவிலோ நீர்கொழும்பிலோ கொட்டகை உள்ள வாகனமாயின் அது சிறிதன்று. முதலில் கேட்டுக்கொண்டால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

அடுத்து, உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகச் சொல்கின்றேன்.

முதலாவது: பேசிய தொகைக்குள் எரிபொருள் அடங்குமா? எரிபொருள் விலை நம் நாட்டில் மாறுந் தன்மையது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளே அரிதாகி, பங்கீட்டுக் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் பெற்ற காலத்தை நாம் மறந்துவிடவில்லை. முன்பதிவுக்கும் பிரயாணத்துக்கும் இடையே விலை உயர்ந்தால் அந்த வேறுபாடு யாரைச் சாரும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது: நெடுஞ்சாலைக் கட்டணமும் தரிப்பிடக் கட்டணமும் யாருடையவை? குருநாகல் வழியாகச் செல்வோர், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மீரிகம – குருநாகல் அதிவேக நெடுஞ்சாலைப் பகுதியைப் பயன்படுத்தலாம். அதற்குக் கட்டணம் உண்டு.

மூன்றாவது: வழியில் எத்தனை இடங்களில் நிறுத்தலாம், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? வெருகலில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் இறங்க வேண்டும், பாசிக்குடாக் கடலில் பிள்ளைகள் சற்றே கால் நனைக்க வேண்டும் என்று விரும்பினால் அதனை முன்னரே சொல்லிவிடுதல் முறை. பாசிக்குடா பிரதான வீதியை விட்டு விலகியே உள்ளது. “இதோ, பத்து நிமிடம்” என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் தாமதித்தல், சாரதியின் பொழுதை விலை கொடாது எடுத்துக்கொள்வதாகும்.

நான்காவது: எந்த வாகனம் வரும்? அதன் இலக்கமும் வகையும் யாவை? எங்கள் பாடசாலைச் சுற்றுலா ஒன்றுக்கு, காட்டிய வாகனம் ஒன்றாகவும் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றது வேறொன்றாகவும் இருந்தன. வந்த வாகனத்தின் பின்சக்கர ரயர்கள் தேய்ந்து வழுக்கையாகி இருந்தமையால், நான் மாணவரை ஏற்ற மறுத்து வேறு வாகனம் வரும்வரை காத்திருக்கச் செய்தேன். 2020 மார்ச் முதல் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியிலேயே அத்தடை நீங்கியது. எனவே வாடகைக்கு ஓடும் வாகனங்களில் வயதேறியவை பல. வயது குற்றமன்று, பராமரிப்பின்மையே குற்றம். ரயர், முன்விளக்கு, ஆசனப்பட்டி ஆகிய மூன்றையும் பார்ப்பதற்குப் பொறியியல் அறிவு வேண்டியதில்லை.

ஐந்தாவது: காப்புறுதி எவ்வகையானது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாந் தரப்பினருக்கு நேரும் தீங்குக்கான காப்புறுதியின்றி வாகனம் வீதியில் ஓடலாகாது. ஆயினும், சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதி வேறு. வாடகைக்கு ஓடுவதற்கென எடுத்த காப்புறுதி வேறு. அயலவர் தம் சொந்தக் காரைக் குறைந்த விலைக்குத் தருகின்றார் என்று மகிழ்ந்து ஏறிச் செல்வோர், விபத்து நேர்ந்தால் நட்டஈடு மறுக்கப்படக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. வாடகைப் பாவனைக்குரிய காப்புறுதி உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. முன் கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ள வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியையும் ஒருமுறை நோக்குக.

ஆறாவது: பிரயாணம் நின்றுபோனால் முற்பணத்தின் கதி என்ன? இதனைப் பேசாது முற்பணம் கொடுத்தல் தகாது. முற்பணம் சிறு பகுதியாக இருக்கட்டும். அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கட்டும். மிகுதி பிரயாண முடிவில் கொடுபடட்டும்.

இவ்வாறு பேசியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை ஒட்டிய பத்திரம் வேண்டியதில்லை. திகதி, புறப்படும் நேரம், வழி, மொத்தத் தொகை, அதில் அடங்குவன, அடங்காதன ஆகியவற்றை நான்கு வரியில் கைத்தொலைபேசிச் செய்தியாக அனுப்பி, “சரி” என்ற மறுமொழியைப் பெற்றுக்கொண்டால் அதுவே போதிய சான்றாகும். 2015இல் பிக்மீ, ஊபர் ஆகிய செயலிகள் கொழும்புக்கு வந்தபின், நகருக்குள் தொகையை முன்கூட்டியே அறிந்து ஏறும் பழக்கம் நமக்கு உண்டாகியுள்ளது. நெடுந்தூரப் பிரயாணத்துக்கும் அதே தெளிவைக் கேட்டுப் பெறுவது நம் கையில் உள்ளது.

நேயர்களே, இதுவரை கூறியவை பணத்தைப் பற்றியவை. இவற்றினும் மேலான ஒரு கேள்வி இருக்கின்றது. கார் பேசுவோரில் நூற்றுக்கு ஒருவரேனும் அதனைக் கேட்பாரோ என்பது ஐயமே. ‘சாரதி எப்பொழுது உறங்குவார்?’ என்பதே அக்கேள்வி.

சற்றுமுன் எழுதிய 705 கிலோமீற்றரை மீண்டும் பாருங்கள். “இரவு பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்படுவோம், விடியலில் கோணேசர் கோயிற் பூசை, மதியம் மட்டக்களப்பு, இரவோடிரவாகக் கொழும்பு. விடுதிச் செலவு மிச்சம்” என்று திட்டமிடுவோர் பலர். நம் வீதிகளில் சராசரியாக மணிக்கு 50 கிலோமீற்றர் செல்லலாம் என்று கொள்வோம். 705ஐ 50ஆல் வகுத்தால் 14 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஒரே மனிதர், ஒரு நாட்பொழுதில், 14 மணி நேரம் சுக்கானைப் பிடித்திருத்தல் வேண்டும். நாம் பின் ஆசனத்தில் தலை சாய்த்து உறங்குவோம். உறங்கக் கூடாத ஒருவர் முன் ஆசனத்தில் இருப்பார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இதற்கு எவ்வளவு இடமளிக்கின்றது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். சாரதியுட்பட ஒன்பது பேருக்கு மேல் ஏற்றும் வாகனங்களுக்கான விதி அது. நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் ஓட்டத்தக்கது 9 மணி நேரம். வாரத்தில் இரு நாட்களில் மாத்திரம் 10 மணி நேரம்வரை ஓட்டலாம். செப்பனிட்ட வீதிகளில், இரு மருங்கும் வேலியிட்ட பெருந்தெருக்களில் செல்லும் சாரதிக்கே அவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமென்றால், இருளில் மாடு படுத்திருக்கும் வீதியிலும், யானை குறுக்கிடும் ஹபரணைக் காட்டுவழியிலும் செல்லும் சாரதிக்கு எவ்வளவு ஓய்வு வேண்டும்!

வாடகையை மேலும் மேலும் குறைக்கப் பேசும்போது உண்மையில் எது குறைகின்றது? எரிபொருளின் விலையை உரிமையாளர் குறைக்க முடியாது. ரயரின் விலையும் அவர் கையில் இல்லை. குறைக்கக்கூடியவை இரண்டே: ஒன்று பராமரிப்பு, மற்றது சாரதியின் ஓய்வு. குறைந்த வாடகைக்கு ஓடும் சாரதி, நேற்றிரவு ஒரு விமான நிலைய ஓட்டத்தை முடித்துவிட்டு இன்று காலை உங்கள் வாசலுக்கு வருகின்றார். நாளை இரவு இன்னொன்றுக்குச் செல்ல வேண்டியவராக இருக்கின்றார். நாம் மிச்சம் பிடித்ததாக எண்ணும் பணம் அவருடைய உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்த உறக்கம் வழியில் தன் கடனைக் கேட்குமாயின், கொடுப்பது அவர் மட்டுமல்லர், வண்டியிலிருப்போர் அனைவருமே.

எனக்குத் தெரிந்த கொட்டாஞ்சேனைக் குடும்பமொன்று இவ்வழியே சென்றபோது, தம்புள்ளையில் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தினர். அவ்வீட்டு மூதாட்டி சாரதியின் சிவந்த கண்களைக் கண்டு, “தம்பி, நேற்று இரவு எங்கே ஓடினீர்கள்?” என்று வினவினார். “கட்டுநாயக்காவுக்கு ஒரு ஹயர், அம்மா. விடியத்தான் வந்தேன்” என்றார் சாரதி. “அப்படியானால் ஆசனத்தைச் சாய்த்து இரண்டு மணித்தியாலம் படுங்கள். கோயில் எங்கும் ஓடிவிடாது” என்று கூறிய அம்மையார், முணுமுணுத்த பேரப்பிள்ளைகளையும் அடக்கி, மர நிழலிலே அமர்ந்துவிட்டார். பூசை தவறியது, மறுநாள் பூசையைக் கண்டனர். அந்த மூதாட்டி பள்ளிப் படிப்பு அதிகம் பெற்றவர் அல்லர். ஆயினும் வாடகைக் கார் அமர்த்தும் கலையில் அவரே நமக்கு ஆசிரியர்.

ஆதலின், கார் பேசும்பொழுது இவ்வாறு பேசுங்கள். “எங்களுக்கு வரும் சாரதி முதல் நாள் இரவு வீட்டில் உறங்கியிருத்தல் வேண்டும். திருகோணமலையில் ஓர் இரவும் மட்டக்களப்பில் ஓர் இரவும் தங்குகின்றோம். சாரதியின் அறைக்கும் உணவுக்கும் நாங்கள் பொறுப்பு.” சில விடுதிகளில் சாரதிகளுக்கென அறை உண்டு, முன்பதிவின்போதே விசாரித்துக்கொள்ளலாம். அறை இல்லாதவிடத்து, சாரதி வண்டிக்குள்ளே நுளம்புக் கடியில் இரவைக் கழிப்பார். மறுநாட் காலையில் நம் குழந்தைகளின் உயிர் அவருடைய கண்ணிமைகளில் தங்கியிருக்கும். அவருக்குக் கொடுக்கும் அறைவாடகை தருமமன்று. நமக்கே நாம் செய்துகொள்ளும் காப்புறுதி.

புறப்படும் நேரத்தையும் இதே நோக்கில் தீர்மானிக்க வேண்டும். திருகோணமலையிலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால், வெருகலில் வழிபட்டு, வாகரைப் பக்கத்தில் இளைப்பாறி, மதிய உணவு வேளைக்குச் சற்று முன்பின்னாக மட்டக்களப்பை அடையலாம். மாலை மங்கியபின் அவ்வீதியில் கால்நடைகளின் நடமாட்டம் சாரதிக்குப் பெருஞ் சோதனை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைக் காலத்தில் வெருகல் பகுதியில் வெள்ளம் பெருகுவதுண்டு. அக்காலத்தில், புறப்படும் முதல் நாள் உள்ளூரில் உள்ளோரைத் தொலைபேசியில் கேட்டறிவதோடு, வீதி மூடப்பட்டால் ஹபரணை வழியே செல்வதற்கான வாடகையையும் முன்னரே பேசி வைத்தல் விவேகம்.

பிரயாண நாளன்று வாகன இலக்கம் நீங்கள் எழுதி வைத்ததோடு பொருந்துகின்றதா என்று பாருங்கள். சாரதியின் பெயரைக் கேட்டறிந்து, பெயர் சொல்லி மரியாதையாக அழையுங்கள். வேகமாகச் செல்லும்படி எக்காரணங் கொண்டும் தூண்டாதீர்கள். எல்லோரும் ஆசனப்பட்டி அணியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119; நோயாளர் காவு வண்டிச் சேவையான சுவசெரியவின் இலக்கம் 1990. இவ்விரண்டையும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். உணவுக்கு நிறுத்தும்பொழுது சாரதியும் உண்டாரா என்று ஒருமுறை கேளுங்கள்.

வாடகை பேசுதல் என்பது ஒருவர் வெல்ல ஒருவர் தோற்கும் பேரமன்று. வழி, பொழுது, பணம், ஓய்வு ஆகிய நான்கையும் வெளிச்சத்தில் வைத்து இரு தரப்பாரும் இணங்கும் உடன்பாடு அது. முதல் மூன்றையும் பேசுவதற்கு நாம் பழகியிருக்கின்றோம். நான்காவதையும் பேசப் பழகுவோமாயின், நம் கரையோரப் பிரயாணங்கள் இன்பமாகத் தொடங்கி நலமாக முடியும்.